காவலுக்கு வந்தவன்

தூத்துக்குடி ஏஜெண்ட் அனுப்பிய பெட்டியில்
இரண்டு கைலி, ஒரு ஷேவிங் செட்,
பாதி பிதுக்கிய பற்பசை,
அவருடைய பனியனில் சுற்றி
ஒரு மரத்து ஆள்.

முழங்கை நீளம்.
நெற்றி மட்டும் பச்சைப்பிள்ளையின் நெற்றிபோல் புடைத்து,
தோளும் தொடையும் மூட்டை தூக்குகிறவனுக்குப் போல.
மார்பருகே கை கோத்துக் குந்தியிருந்தான்.
குண்டிக்கு அடியில் ஒரு முளை,
எதிலோ செருகி வைத்திருந்ததைப்
பிடுங்கியதுபோல.

பெர்க்மான்ஸ் வரவில்லை.
போர்ட் ஜென்டிலுக்கு வெளியே
எண்ணெய்க் கிணற்றுக்குச் சாமான் ஏற்றும் படகில்
இரவு ஷிப்ட்டில் கடைசியாகப் பார்த்தது
என்று தாளில் இருக்கிறது.
உடம்பு கிடைக்காதவன்
ஏழு வருஷத்துக்குச் சாகக் கூடாதாம்.
தாலுகா ஆபீஸில் சொன்னார்கள்.

கூட வேலை பார்த்த எஸ்ஸோனோ பேசியதை
படகுச் சமையற்காரர், கீழக்கரை நெய்னா முகம்மது
வாட்ஸ்அப்பில் தமிழாக்கிச் சொன்னார்:
"இது சாமி இல்லம்மா. செத்தவர் உருவமும் இல்லை.
மரப்பட்டையில் பீப்பாய் செய்து
பாட்டன் பூட்டன் மண்டையோட்டை அதில் வச்சு
மூடிமேல் இதை உட்கார வைப்பாங்களாம்.
இதுக்கு வேலை காவல் மட்டும்தான்.
வெள்ளைக்காரன் வந்து கேட்டப்ப
காவல்காரனைக் கொடுத்துட்டு
எலும்பை ஒளிச்சுக்கிட்டாங்களாம்.
காவல்காரனை மறுபடி செதுக்கிக்கலாம்ல.
இது சந்தையில் வாங்கினது, புதுசாத்தான் இருக்கும்,
பெரிசா எடுத்துக்காதீங்க.
அப்புறம்,
பொம்பளைங்க பார்க்கக் கூடாதுங்கிறாரு."

இந்த வீட்டில் பார்க்க
வேறு யார் இருக்கிறார்கள், காக்கா?

எலும்புக்கு மரியாதை எங்களுக்கும் தெரியும்.
கோயிலில் கண்ணாடிக்குள் அருளிக்கம்,
அரிசிமணி அளவு, எந்தப் புனிதர் விரலோ,
திருவிழாவுக்குத் திருவிழா முத்தி செய்கிறோம்.
அதற்கு வெள்ளிப் பேழை, பூட்டு, சாவி.
எனக்கோ
காவல்காரன் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறான்.

சின்னப்பாலத்துக் கடலில்
விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி
மரிக்கொழுந்துப் பாசி பறிக்க முங்கும்போது
அடியில் வெள்ளையாய் எது கிடந்தாலும்
எடுத்துப் பார்க்கிறேன்.
செத்த பவளம். சங்கின் உடைசல்.
இது மன்னார்க் கடல், அது வேறெங்கோ என்று
எனக்குத் தெரியாதா.
அக்கினி தீர்த்தத்தில் எலும்பைக் கரைத்துவிட்டுத்
திரும்பிப் பாராமல் நடக்கிறார்கள் வெளியூர்க்காரர்கள்.
ரயிலுக்கு நேரமாகிறது அவர்களுக்கு.

நேற்று ஊசி தேடினபோது
பிஸ்கட் டின்னில், ரேஷன் கார்டுக்கு அடியில்
நோட்டுத்தாள் பொட்டலம்.
கடைவாய்ப் பல்.
மூன்று வருஷத்துக்கு முன்
ராமநாதபுரத்தில் பிடுங்கினது.
"முந்நூறு ரூபாய் கொடுத்திருக்கேன்,
டாக்டரிடமா விட்டுட்டு வருவேன்"
என்று சட்டைப்பையில் போட்டு வந்தார்.
பஞ்சைக் கடித்தபடி சொன்னதால்
பாதிதான் புரிந்தது அன்றைக்கு.
வேர் மூன்றும் முழுசாக இருக்கின்றன.

டின் மூடியில் ஆணியால் துளை போட்டேன்.
முளை இறங்கவில்லை.
கத்தரிக்கோலால் துளையை விரித்து
விரலையும் அறுத்துக்கொண்டு
அமுக்கினேன். உட்கார்ந்தான்.

பங்குச்சாமியாரிடம் சொல்லவில்லை.
சொல்லத்தான் வேண்டும்.
தவக்காலம் வரட்டும்.

காற்று விழுந்த மதியம்,
தகரக் கூரை கொதிக்க
அவன் நெற்றியில் வேர்த்தது.
தொட்டேன், எண்ணெய்.
யாரோ எத்தனையோ காலம் தேய்த்துத் தேய்த்து
உள்ளே ஊறவிட்டது
எங்கள் வெயிலுக்கு வெளியே வருகிறது.
சந்தையில் வாங்கினதுக்கு, புதுசுக்கு,
இது எப்படி என்று
நெய்னா காக்காவிடம் கேட்கவில்லை.

கழுத்தில் இறங்கி, வயிற்றில் இறங்கி
முளை வழியே டின்னுக்குள் சொட்டியிருந்தது.
துடைக்கவில்லை.
அவர் பேர் இன்னும் இருக்கிற
ரேஷன் கார்டை மட்டும்
எடுத்து வெளியே வைத்தேன்.